காலை டேபிள் ஏன் திடீர்னு மாறிடுச்சு? நீலகிரி வானிலை அட்டவணை பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

ரெண்டு வருஷமா தினமும் காலையில ஆறரை மணி வாக்குல ஒரு டேபிள் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு இருக்கேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூணுக்கும் டெம்பரேச்சர், மழை, காத்து, மேகம், அவ்ளோதான், மூணு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். இந்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து அதை மாத்திட்டேன். மாத்தின அன்னிக்கே போன் மேல போன். "தம்பி என்ன கண்றாவி இது, ஒண்ணும் புரியல"ன்னு நெடுகுளா அண்ணன் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

இதை நீங்களே கணிக்கறீங்களா?

இல்லீங்க. நான் வானிலை ஆபீசர் எல்லாம் கிடையாது. கோத்தகிரிக்குக் கீழ கொஞ்சம் தேயிலை, வீட்டுக்குப் பின்னாடி நாலு பாத்தி கேரட், மொட்டை மாடில ஒரு மழைமானி, ஒரு தெர்மாமீட்டர், அவ்ளோதான் நம்ம சொத்து. டேபிள்ல வர்ற நம்பர் எல்லாம் பெரிய கம்ப்யூட்டர்ல ஓடற மாடல் போட்ட கணக்கு. அமெரிக்காக்காரங்களோட ஜிஎஃப்எஸ், ஐரோப்பாக்காரங்களோட இசிஎம்டபிள்யூஎஃப், ரெண்டும் இலவசமா டவுன்லோட் ஆகும், அதுல நம்ம மலைக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து ஒரு சின்ன புரோகிராம் மூலமா டேபிளா போடறேன்.

ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கட்டும். இது கணிப்பு இல்ல, கணிக்கறவங்களுக்கு கையில குடுக்கற ஒரு துணைக் காகிதம். சென்னை மண்டல வானிலை மையத்துல உக்காந்திருக்கறவங்க இந்த மாதிரி அஞ்சாறு மாடலைப் பாத்து, ரேடாரும் சேட்டிலைட்டும் பாத்து, அப்புறம் தான் ஒரு வரி எழுதுவாங்க. அந்த ஒரு வரிக்கும் என் டேபிளுக்கும் சண்டை வந்தா அவங்க பக்கமே நில்லுங்க.

சரி, என்னென்ன மாறிருக்கு?

முதல் அஞ்சு நாளைக்கு மணிக்கு ஒரு கட்டம், அதுக்கு மேல பழையபடி மூணு மணிக்கு ஒண்ணு. நேரம் எல்லாம் நம்ம ஊரு நேரம். டெம்பரேச்சர் ரெண்டு வரி, மாடல் சொன்னது ஒண்ணு, உயரத்துக்குத் திருத்தினது ஒண்ணு. பனிநிலைன்னு புதுசா ஒரு வரி. மழைக்கு ஒரே நம்பர் இல்லாம மூணு நம்பர். மேகம் எட்டுல எவ்ளோன்னு இருந்தது, இப்ப சதவீதம். காத்து கிலோமீட்டர்ல. இவ்ளோதான் மாத்தம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கு.

பழசு நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கை வெச்சீங்க?

நான் கை வெக்கலைன்னாலும் மேல இருந்து வர்றது மாறிக்கிட்டே இருக்குங்க. ஐரோப்பாக்காரங்க 2022 ஜனவரில தான் ஒரு பகுதி டேட்டாவை இலவசமா திறந்து விட்டாங்க, அப்போ மாடல் பூமியை சதுர சதுரமா பிரிக்கற கட்டம், அட்ச தீர்க்கக் கணக்குல 0.4 டிகிரி. 2024 பிப்ரவரில அதையே 0.25 டிகிரி ஆக்கினாங்க. நடுவுல 2023 ஜூன்ல மாடலையே பெருசா மாத்தினப்போ ஃபைலை சுருக்கற முறையும் மாறி, பழைய சாஃப்ட்வேர் வெச்சிருந்தவங்களுக்கு ஃபைல் திறக்கவே இல்ல. அமெரிக்காக்காரங்களும் 2019 ஜூன்லயும் 2021 மார்ச்லயும் ஜிஎஃப்எஸ்ஸை பெருசா மாத்தினாங்க. உள்ள இருக்கற விஞ்ஞானம் நல்லதுக்குத் தான் மாறுது, ஆனா என்னை மாதிரி கடைசில குழாய்ல தண்ணி பிடிக்கறவனுக்கு குழாயோட வாய் சைஸ் மாறிட்டா குடம் நிக்காது.

என் புரோகிராம் பழசு வேற, நாலாவது கட்டத்துல இருக்கறது டெம்பரேச்சர்னு கண்ணை மூடிட்டு நம்பற ரகம். நடுவுல புதுசா ஒரு கட்டம் சொருகினா அவ்ளோதான். நானே என் ஷீட்ல காத்தோட வீச்சுக்குன்னு ஒரு கட்டம் சேத்துட்டு புரோகிராமை மாத்த மறந்துட்டேன், அன்னிக்கு ஊட்டிக்கு 31 டிகிரின்னு போச்சு. ஜனவரி மாசம். ஒரு அக்கா "ஸ்வெட்டர் எல்லாம் பெட்டில போட்டுடவா"ன்னு கேட்டாங்க, இன்னும் கிண்டல் நிக்கல.

முன்னாடி ஒரு நாள் 0.01 மழைன்னு போட்டீங்க, அன்னிக்கு ரோடே ஆறா ஓடுச்சு. அது என்ன கணக்கு?

அது என் தப்பு, மாடல் பாவம். மழையை ஜிஎஃப்எஸ் எழுதற அளவு, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ தண்ணின்னு, அது அப்படியே மில்லிமீட்டர் தான். ஐரோப்பா மாடலோ மழையை மீட்டர்ல எழுதும். ஆமாங்க, மீட்டர். 12 மில்லிமீட்டர் மழை அங்க 0.012ன்னு இருக்கும். ஒரு மாடல்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறினப்போ ஆயிரத்தால பெருக்காம விட்டுட்டேன், டேபிள்ல அழகா 0.01ன்னு வந்துச்சு, நானும் "இன்னிக்கு மருந்து அடிக்கலாம்"னு எழுதினேன். மருந்து அடிச்சவங்க எல்லாம் என்னைத் திட்டினது நியாயம் தான்.

இன்னொரு பொறியும் இருக்கு. ஐரோப்பா மாடல்ல மழை, கணக்கு ஆரம்பிச்ச நேரத்துல இருந்து சேந்துக்கிட்டே போகும், கரண்ட் மீட்டர் மாதிரி. இப்போதைய ரீடிங்ல இருந்து முந்தின ரீடிங்கைக் கழிச்சா தான் அந்த மூணு மணி நேரத்து மழை கிடைக்கும். ஜிஎஃப்எஸ்ல வர்ற ஒரு வகை, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பூஜ்யத்துக்குத் திரும்பி மறுபடி ஏறும். கழிக்காம போட்டா அஞ்சாவது நாள் பிரளயம் வர்ற மாதிரி தெரியும். சில பேர் ஃபார்வர்ட் பண்ற "அடுத்த வாரம் பயங்கர மழை" படம் பாதி இந்த ரகம் தான், மொத்த மழையை ஒரு நாள் மழைன்னு நினைச்சுக்கறது.

டெம்பரேச்சர் ரெண்டுலயும் கெல்வின்ல வரும், 273.15 கழிக்கணும். காத்து வினாடிக்கு மீட்டர், அதை 3.6ஆல பெருக்கினா கிலோமீட்டர். இதெல்லாம் இப்ப சரியா போட்டுட்டேன், நாலு தடவை சரி பாத்தாச்சு.

நேரம் ஏன் 5.30, 6.30, 7.30ன்னு அரை அரையா வருது?

மாடல் எல்லாம் யூடிசின்னு சொல்ற உலகப் பொது நேரத்துல ஓடுது. நம்ம நேரம் அதை விட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. அங்க முழு மணின்னா இங்க அரை மணி. பழைய டேபிள்ல நான் அப்படியே 00, 03, 06ன்னு விட்டுருந்தேன், நிறைய பேர் 00ஐ நடுராத்திரின்னு நினைச்சுட்டீங்க, அது உண்மையில விடியக்காலை 5.30. பனி காலத்துல இந்தக் குழப்பம் ரொம்ப ஆபத்து.

காலையில ஆறரைக்கு வர்ற டேபிள் காலையில போட்ட கணக்கா?

இல்ல. ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடும், நம்ம நேரப்படி 5.30, 11.30, சாயங்காலம் 5.30, ராத்திரி 11.30 நிலவரத்தை வெச்சு. கணக்கு முடிஞ்சு ஃபைல் வெளிய வர சில மணி நேரம் ஆகும். அதனால ஆறரைக்கு என் கையில இருக்கறது ஜிஎஃப்எஸ்ஸோட முந்தின ராத்திரி 11.30 கணக்கும் ஐரோப்பா மாடலோட முந்தின சாயங்காலம் 5.30 கணக்கும். இப்ப டேபிள் தலைப்புலயே எந்த நேரத்துக் கணக்குன்னு போட்டுருக்கேன், அந்த வரியை யாருமே படிக்கறதில்லைன்னு தெரியும், இருந்தாலும் போட்டுருக்கேன்.

மழை நேத்து சாயங்காலம் பெஞ்சுது, ஆனா நியூஸ்ல இன்னிக்குத் தேதில போடறாங்களே?

ஐஎம்டி, அதாவது இந்திய வானிலைத் துறை கணக்குல மழை நாள்னா முந்தின நாள் காலை 8.30ல இருந்து இன்னிக்குக் காலை 8.30 வரை. அளந்து எழுதற தேதி தான் மழைக்குத் தேதி. பழைய டேபிள்ல என் நாள் 5.30க்கு ஆரம்பிச்சு 5.30க்கு முடிஞ்சது, அதனால என் நம்பரும் பேப்பர்ல வர்ற நம்பரும் ஒத்தே போகாது. இப்ப நானும் 8.30க்கு மாத்திட்டேன். மழைமானி வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு 8.30க்கே அளந்து அனுப்புங்க, பல் தேச்சுட்டு பொறுமையா பத்து மணிக்கு அளக்காதீங்க.

ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஒரே நம்பர் வருது, பக்கத்துல இருக்கற குன்னூருக்கு வேற வருது. காப்பி பேஸ்டா?

இது தான் எனக்குப் பிடிச்ச கேள்வி. காப்பி பேஸ்ட் இல்ல, மாடல் நம்ம மலையைப் பாக்கற விதமே அப்படி.

0.25 டிகிரி கட்டம்னா கிட்டத்தட்ட 28 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. நம்ம பக்கத்துல புள்ளிகள் விழறது அட்சம் 11.25, 11.50, தீர்க்கம் 76.50, 76.75, 77.00. ஊட்டி இருக்கறது 11.41, 76.70. கோத்தகிரி 11.42, 76.86. ரெண்டுக்குமே கிட்டக்க இருக்கற புள்ளி 11.50, 76.75. அது எங்க இருக்குன்னு மேப்ல பாருங்க, ஊட்டிக்கு வடக்க சீகூர் பக்கம் இறங்கற இடம். குன்னூர் 11.35ல இருக்கு, அதனால அதுக்குக் கிட்டக்க வர்றது 11.25, 76.75, தெக்கு பக்கச் சரிவு. ஆக ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஒரே புள்ளி, ரெண்டுக்கும் நடுவுல மாதிரி இருக்கற குன்னூருக்கு வேற புள்ளி. தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் மழைன்னு தினமும் பாக்கற நமக்கு இது சிரிப்பா இருக்கும், ஆனா 28 கிலோமீட்டர் கண்ணாடி போட்டுட்டு பாத்தா தொட்டபெட்டாவே தெரியாது. மாடலுக்குள்ள நம்ம மலை ஒரு வழவழப்பான மேடு தான், மேட்டுப்பாளையமும் லவ்டேலும் ஒண்ணா அரைச்சு எடுத்த சட்னி.

புதுசுல நான் செஞ்சது என்னன்னா, ஒரே புள்ளியை எடுக்காம சுத்தி இருக்கற நாலு புள்ளியையும் தூரத்துக்கு ஏத்த மாதிரி கலந்து எடுக்கறேன். அதனால இப்ப மூணு ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் வரும். இது பெரிய துல்லியம்னு நினைச்சுடாதீங்க. தப்பு மொத்தமா நிக்காம நாலா பக்கமும் பரவி நிக்குது, அவ்ளோதான்.

திருத்தினதுன்னு ரெண்டாவது டெம்பரேச்சர் வருதே, எதை நம்பறது?

மாடல் அந்தக் கட்டத்துக்கு ஒரு சராசரி உயரம் வெச்சிருக்கும். சும்மா உதாரணத்துக்கு 1400 மீட்டர்னு வெச்சுக்கோங்க. ஊட்டி டவுன் 2240 மீட்டர். வித்தியாசம் 840 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும்ங்கறது பொதுக் கணக்கு, அப்படின்னா அஞ்சரை டிகிரி கழிக்கணும். மாடல் 17ன்னு சொன்னா ஊட்டிக்கு பதினொண்ணரை. போன்ல வர்ற சில ஆப்ல ஊட்டிக்கு 24 டிகிரின்னு காட்டி டூரிஸ்டுங்க டி-ஷர்ட்ல வந்து நடுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பகல்ல, காத்து இருக்கற நேரத்துல, திருத்தினதைப் பாருங்க. தெளிஞ்ச பனி ராத்திரில ரெண்டையும் நம்பாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

நாலு டிகிரின்னு போட்டீங்க, காலையில பாத்தா புல்லு வெள்ளை வெளேர்னு கிடக்கு. நாலு டிகிரில எப்படிங்க உறையும்?

இந்தக் கேள்வி வருஷா வருஷம் டிசம்பர்ல வரும், தலைக்குந்தால இருந்து, காந்தல்ல இருந்து, அவலாஞ்சி பக்கம் இருந்து. நியாயமான கேள்வி.

மாடல் சொல்ற டெம்பரேச்சர் தரையில இருந்து ரெண்டு மீட்டர் உயரத்துல இருக்கற காத்தோடது. உங்க தலைக்கு மேல. உங்க கேரட் இருக்கறது காலுக்குக் கீழ. மேகம் இல்லாத, காத்து அசையாத ராத்திரில தரை தன்னோட சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுடும், தரையை ஒட்டின காத்து மட்டும் தனியா குளுந்துடும், மேல இருக்கற காத்தை விட மூணு நாலு டிகிரி கம்மியா கூட போகும். மேல நாலு, கீழ பூஜ்யம். இதுக்கு மேல இன்னொண்ணு, குளுந்த காத்து கனமா இருக்கும், அது தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல போய்த் தேங்கும். பனி பள்ளத்துல தான் உக்காரும்னு நம்ம பெருசுங்க சொல்றது இது தான். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா மாதிரி காய்கறி போடற பள்ளம் எல்லாம் உறைஞ்சு கிடக்கும்போது மேட்டுல இருக்கற தேயிலைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கும். ஆனா உயரத் திருத்தம் என்ன நினைக்குது, மேல போகப் போக குளிரும்னு நினைக்குது. அந்த ராத்திரில நிலைமை நேர் தலைகீழ். அதான் நம்பாதீங்கன்னு சொன்னேன்.

அதுக்காகத் தான் பனிநிலைங்கற புது வரி. காத்துல இருக்கற ஈரம் எந்த டிகிரிக்கு வந்தா பனியா இறங்குமோ அந்த நம்பர். இது 5, 6ன்னு இருந்து வானம் தெளிஞ்சிருந்தா காலையில நீர்ப்பனி, பயம் இல்ல. பூஜ்யத்துக்கிட்ட வந்துட்டா உறைபனி. பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழ போயிட்டா சில சமயம் வெள்ளையா ஒண்ணுமே தெரியாது, காத்துல ஈரமே இல்ல, ஆனா செடி உள்ளுக்குள்ள உறைஞ்சு மத்தியானத்துக்குள்ள கருகிப் போயிடும். வெள்ளை இல்லைன்னு நிம்மதியா டீ குடிச்சுட்டு இருப்போம்.

ஆக, பனி காலத்துல டேபிள்ல நாலு இடத்தைப் பாருங்க. ராத்திரி மேகம் இருபது சதவீதத்துக்குக் கீழ, காத்து அஞ்சு கிலோமீட்டருக்குக் கீழ, பனிநிலை ரெண்டுக்குக் கீழ, டெம்பரேச்சர் அஞ்சுக்குக் கீழ. நாலும் ஒண்ணா வந்தா அந்தக் கட்டத்தை நீலக் கலர்ல போட்டுடறேன். இந்த எல்லை எல்லாம் எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல, ரெண்டு சீசன் என் வீட்டுக் குறிப்பை வெச்சு நானே போட்டது, உங்க பள்ளத்துக்கு வேற மாதிரி இருக்கலாம். நீலம் வந்தா இளஞ்செடியை மூடறவங்க மூடுங்க, ஸ்பிரிங்க்ளர் வெச்சிருக்கறவங்க வெயில் ஏறறதுக்கு முன்னாடி பனியைக் கழுவி விட ரெடியா இருங்க. மணிக்கு ஒரு கட்டம்னு மாத்தினதே இதுக்குத் தான், மூணு மணிக்கு ஒண்ணுன்னு இருந்தப்போ 5.30க்கு அப்புறம் நேரா 8.30, ஆனா இங்க ரொம்பக் குளிர்ற நேரம் சூரியன் வர்ற ஆறரை வாக்குல, அது ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கிச்சு.

மழைக்கு 2 / 9 / 41ன்னு மூணு நம்பர். இதுல எது மழை?

மூணும் தான். ஐரோப்பா மாடலை ஒரு தடவை மட்டும் ஓட்டறதில்ல, ஆரம்ப நிலவரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மொத்தம் 51 தடவை ஓட்டறாங்க. அந்த 51 பதிலையும் சின்னதுல இருந்து பெருசா வரிசைப்படுத்தினா, பத்துல ஒரு பங்கு 2 மில்லிமீட்டருக்குக் கீழ, சரி பாதி 9க்குக் கீழ, பத்துல ஒரு பங்கு 41க்கு மேல. கொழுந்து எடுக்க ஆள் வரச் சொல்லலாமான்னு பாக்கறவங்க நடு நம்பரைப் பாருங்க. மண்ணு சரியற இடத்துல வீடு இருக்கறவங்க மூணாவது நம்பரை மட்டும் பாருங்க. முன்னாடி நான் சராசரியை மட்டும் போட்டேன், சராசரி ரெண்டு பேருக்குமே உதவாது.

எல்லாரும் கேட்டது "ஒரே நம்பரா சொல்லு"ன்னு தான். மாடலுக்கே தெரியாததை நான் ஒரே நம்பரா எப்படிங்க சொல்றது.

ஒரு நாள் 999ன்னு வந்துச்சு?

டேட்டா இல்லைன்னு அர்த்தம். இது பழைய காலத்துப் பழக்கம், காலியா விட்டா கட்டம் நகந்துடும்னு 999 போடுவாங்க. இப்ப என் டேபிள்ல கோடு மட்டும் வரும். 999 மில்லிமீட்டரான்னு பயந்து போன் பண்ண குந்தா சித்தப்பாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன், அங்க இருக்கறவங்களுக்கு அந்த பயம் வர்றதுல ஆச்சரியமும் இல்ல. 2009 நவம்பர்ல கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர், அதாவது 820 மில்லிமீட்டர் பெஞ்ச ஊரு இது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சிலயும் ஒரே நாள்ல 80 சென்டிமீட்டரைத் தாண்டுச்சு.

அமெரிக்கா டேபிள்னு ஒண்ணு ஃபார்வர்ட் ஆகுது, டிஎம்பி, டிபிடி, பி12ன்னு சுருக்கமா இருக்கும். அதுல ஊட்டி வருமா?

வராது. அதுல இருக்கறது அவங்க நாட்டு ஊருங்க மட்டும். ஆனா அதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும், ஏன்னா நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டதே அதைப் பாத்து தான்.

அதுக்குப் பேரு எம்ஓஎஸ். 1972ல கிளான், லோரின்னு ரெண்டு பேர் முறையா எழுதி வெச்சாங்க. ஐடியா ரொம்ப சிம்பிள். ஒரு ஊருல பல வருஷமா அளந்த டெம்பரேச்சர் இருக்கு, அதே நாளுக்கெல்லாம் மாடல் என்ன சொல்லுச்சுங்கறதும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா மாடல் எப்ப எவ்ளோ தப்பு பண்ணுதுன்னு ஒரு சமன்பாடு கிடைச்சுடும். அப்புறம் புதுசா மாடல் என்ன சொன்னாலும் அந்தச் சமன்பாட்டுல போட்டு எடுத்தா அந்த ஊருக்குன்னு திருத்தின நம்பர். மாடலுக்குப் பள்ளம் தெரியாது, ஆனா பள்ளத்துல இருக்கற தெர்மாமீட்டருக்குத் தெரியும்ல, அதான் விஷயம். டிஎம்பின்னா டெம்பரேச்சர், டிபிடின்னா பனிநிலை, பி12ன்னா பன்னெண்டு மணி நேரத்துல மழை வர்ற வாய்ப்பு சதவீதத்துல. மழை அளவை நேரா சொல்லாம 0ல இருந்து 6 வரைக்கும் வகை நம்பரா போடுவாங்க, 6ன்னா ஆறு மில்லிமீட்டர் இல்ல, ரெண்டு இஞ்சும் அதுக்கு மேலயும். டெம்பரேச்சர் ஃபாரன்ஹீட். இதெல்லாம் தெரியாம ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, அந்தச் சமன்பாடு பழைய மாடலோட தப்புக்குப் பழகினது. மாடலை மேம்படுத்தினா தப்பு மாறிடும், திருத்தம் வழி தவறிடும். நல்ல டாக்டர் வந்தாலும் பழைய சீட்டு மருந்தையே சாப்பிடற மாதிரி. இப்ப அவங்க பல மாடலையும் கலந்து, தினமும் தன்னைத் தானே திருத்திக்கற நேஷனல் பிளெண்ட் ஆஃப் மாடல்ஸ்ங்கற முறைக்குப் போயிட்டு இருக்காங்க. அதுக்கும் டேபிள் வேற, சுருக்கம் வேற. அமெரிக்க வானிலைக்காரங்க எழுதற அறிக்கை எல்லாம் டெலிபிரிண்டர் காலத்துப் பழக்கத்துல 2016 மே மாசம் வரைக்கும் முழுக்க பெரிய எழுத்துலயே வந்துட்டு இருந்துச்சுங்க, யாரோ கத்தற மாதிரி. அதை மாத்தினப்போ கூட புரோகிராம் என்னாகுமோன்னு யோசிச்சு யோசிச்சு தான் மாத்தினாங்க. அப்படிப் பாத்தா நான் ஒரே ராத்திரில மாத்தினது தப்பு தான்.

என் மொட்டை மாடி தெர்மாமீட்டரை வெச்சு கோத்தகிரிக்கு மட்டும் ஏழை வீட்டு எம்ஓஎஸ் ஒண்ணு போட்டுப் பாக்கறேன். இன்னும் டேபிள்ல சேக்கல, ரெண்டு சீசன் டேட்டா பத்தாது.

ஏஐ மாடல் வந்துடுச்சுங்கறாங்களே, அதைப் போடலாமே?

ஐரோப்பாக்காரங்க ஏஐஎஃப்எஸ்னு ஒண்ணு 2025 பிப்ரவரில இருந்து முறையா ஓட்டறாங்க. புயல் எங்க போகும், காத்தழுத்தம் எப்படி நகரும்ங்கறதுல நல்லா சொல்லுது. ஆனா நமக்கு அதுல ஒரு சின்ன இடைஞ்சல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு பதில் தான் தரும், நம்ம நேரப்படி 11.30க்கு ஒண்ணு, அப்புறம் நேரா 5.30. மத்தியான வெயில், மூணு மணிக்கு திடீர்னு கட்டற இடி மழை எல்லாம் நடுவுல போயிடும். கட்டமும் அதே 28 கிலோமீட்டர் சைஸ் தான். இப்போதைக்கு நான் மட்டும் பாத்துக்கறேன்.

நம்ம நாட்டு மாடல்?

2025 மே 26ல பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்னு கொண்டு வந்தாங்க, புனேல இருக்கற ஐஐடிஎம்ங்கற வானிலை ஆராய்ச்சி நிலையம் செஞ்சது, 6 கிலோமீட்டர் கட்டம், அதுக்கு முன்னாடி 12. ஆறு கிலோமீட்டர்னா ஊட்டியும் கோத்தகிரியும் கண்டிப்பா வேற வேற கட்டம். தொட்டபெட்டா ஒரு மலையா கொஞ்சமாவது தெரியும். பஞ்சாயத்து வாரியா கணிப்பு 2024 அக்டோபர்ல இருந்தே ஐஎம்டி மூலமா வருது, மேரி பஞ்சாயத் ஆப்ல உங்க ஊரைப் போட்டுப் பாருங்க, விவசாய ஆலோசனைக்கு மேகதூத் ஆப் இருக்கு. அந்த விவசாய அறிக்கைல மேகம் எட்டுல எவ்ளோன்னு தான் இருக்கும், என் சதவீதத்தோட ஒப்பிடணும்னா எட்டுன்னா நூறு, ரெண்டுன்னா இருபத்தஞ்சு.

டேபிள்ல 70 வந்தா ரெட் அலர்ட்டா?

இல்லவே இல்ல. அலர்ட் குடுக்கறது ஐஎம்டி மட்டும், அது மழை அளவை மட்டும் வெச்சு குடுக்கறதும் இல்ல, பாதிப்பையும் பாப்பாங்க. அளவுக்குன்னு பேரு இருக்கு, ஒரு நாளைக்கு 64.5 மில்லிமீட்டர்ல இருந்து கனமழை, 115.6ல இருந்து மிக கனமழை, 204.5ல இருந்து அதி கனமழை. உங்க டேபிள்ல 70ன்னா கனமழைங்கற வகை, அவ்ளோதான். இன்னொண்ணு, "நீலகிரில ஓரிரு இடங்களில்"னு அறிக்கை சொன்னா அந்த ஓரிரு இடம் தென்மேற்கு பருவத்துல பெரும்பாலும் பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம். கோத்தகிரில துணி காயும். வடகிழக்கு பருவத்துல அப்படியே மாறி குன்னூர், கோத்தகிரி பக்கம் நனையும், மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரியும், ரயில் நிக்கும். மாடல் இந்த ரெண்டு பக்கத்தையும் கலந்து சராசரியா தான் காட்டும், அதனால ஆடி மாசம் கூடலூர் அண்ணன்மார் டேபிள்ல வர்றதை விட அதிகமாவும் கோத்தகிரிக்காரங்க கம்மியாவும் எதிர்பாருங்க.

எனக்குப் பழைய டேபிளே போதும், அதை அனுப்ப முடியுமா?

முடியும். இந்த மாசக் கடைசி வரைக்கும் பழசு புதுசு ரெண்டும் அனுப்பறேன், பழசுக்கு மேல "பழசு"ன்னு போட்டுருக்கும். அடுத்த மாசத்துல இருந்து புதுசு மட்டும் தான், ரெண்டையும் சரி பாக்க எனக்கு விடியக்காலையில நேரம் இல்லைங்க, அஞ்சரைக்கு பால் கறக்கணும். எழுத்து சின்னதா இருக்கு, கண்ணு தெரியலைன்னு சொன்னவங்களுக்கு ராத்திரி கட்டம் மட்டும் தனியா பெரிய எழுத்துல ஒரு படம் சேத்துருக்கேன். நம்பர் எங்கயாவது கோணலா தெரிஞ்சா உடனே சொல்லுங்க, முக்கியமா ஜனவரில 31 டிகிரின்னு வந்தா.